தடுப்புக் கம்பியைக் கட்டியவர்

பாவ அறிக்கை ஜெபத்தில் அவரைப் போல அழ அந்தச் சபையில் வேறு ஆள் கிடையாது. போதகர் கையை உயர்த்தி, "நம்முடைய பாவங்களை அறிக்கையிடுவோம்" என்று சொல்லி முடிப்பதற்குள் இடது பக்க வரிசையிலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும். பிறகு தோள் குலுங்கும். கைக்குட்டை வெளியே வரும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அவருக்குத் 'தூறல்' என்று பெயர் வைத்து, அது பெரியவர்கள் வாய்க்கும் போய், கடைசியில் அவருடைய சொந்தப் பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. சபையிலிருந்த அம்மாக்களுக்கு அவர் மேல் தனி மதிப்பு. "அந்த மனுஷனுக்கு இருக்கற மனசு உங்களுக்கு இருக்கா?" என்று கணவர்களை இடிப்பார்கள். கணவர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

அழுவதற்கு அவரிடம் காரணம் இருந்தது, நிஜமான காரணம்தான். அழுதால் போதும் என்று நினைத்துக்கொண்டாரே, அங்கேதான் கோளாறு.

தூறலுக்கு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. கட்டடத்தின் அடித்தளத்தில், வெயில் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாத இடம். மேல்மாடிகளிலிருந்து அழுக்குத் துணி தள்ளுவண்டிகளில் வந்து இறங்கும். ஒரு பக்கம் துவைக்கும் இயந்திரங்கள், மறுபக்கம் ரோலர். ரோலர் என்பது ஆள் நீளத்துக்குப் படுத்திருக்கும் சூடான உருளை. ஈரப் படுக்கை விரிப்பை இரண்டு கையாலும் விரித்து அதன் வாயில் கொடுத்தால், மறுபக்கம் காய்ந்து, மடிப்பு நீங்கி, அப்பளமாக வெளியே வரும். கொடுக்கிற பக்கத்தில் நிற்பவர் தூறல். மூக்குக்கண்ணாடி எப்போதும் ஆவி படிந்தே இருக்கும். அதனால் அவர் யாரையும் நேராகப் பார்ப்பதில்லை என்பது யாருக்கும் தெரியவில்லை.

கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்ப்பதும் தட்டிப்போவதுமாக இருந்து, பிறகு பார்ப்பதும் நின்றுபோயிற்று. டயர் கடைக்குப் பின்னால், இரண்டாம் மாடியில் ஒற்றை அறை. நாற்காலிகள் இரண்டு, ஒன்றில் அவர் உட்காருவார், இன்னொன்றில் துவைத்த சட்டைகள் உட்காரும். படுக்கையைச் சுருக்கமில்லாமல் நான்கு மூலையும் இழுத்துச் செருகி வைத்திருப்பார். பார்த்துப் பாராட்ட ஒரு ஈ கூட வராது. காலையில் ரேடியோவில் அந்த அறிவிப்பாளர் பெண் "வணக்கம் நேயர்களே" என்று சொல்லும்போது, இவர் பல் தேய்த்துக்கொண்டே "வணக்கம்மா" என்பார். வார நாளில் அவர் முழுசாகப் பேசும் வார்த்தை சில நாள் அது ஒன்றுதான்.

ஞாயிறு மதியம் மட்டும் வேறு கதை. ஆராதனை முடிந்ததும் அக்கா வீட்டில் சாப்பாடு. அக்கா, அத்தான், அவர்கள் மகள், இவர் என்று மேசையைச் சுற்றி நாலு பேர். "இன்னும் கொஞ்சம் வைக்கவாடா?" என்று கேட்க இந்த உலகத்தில் அவருக்கு இருந்தது அந்த ஒரு குரல். அந்தக் கேள்விக்காகவே முதல் தடவை கொஞ்சமாகப் போட்டுக்கொள்வார். அந்த மேசையை இழக்கக் கூடாது என்பதற்காகத்தான் அவர் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

ஏனென்றால் அத்தானும் ஒரு காலத்தில் அதே ரோலரில் வேலை செய்தவர்தான். காலை ஷிஃப்ட் தூறலுக்கு, மதிய ஷிஃப்ட் அத்தானுக்கு. ரோலரின் வாய்க்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் அதைத் தொட்டால் உருளை அப்படியே நின்றுவிடும். நல்ல ஏற்பாடு, செய்தவன் புத்திசாலி. ஆனால் அவன் ஒரு நாளாவது அங்கே நின்று வேலை செய்திருக்க மாட்டான். விரிப்பின் தடித்த ஓரம் இடித்தாலும் கம்பி உருளையை நிறுத்திவிடும். நிறுத்தி, திரும்ப ஓட்டி, நிறுத்தி, திரும்ப ஓட்டி, மேஸ்திரியிடம் வசவும் வாங்க வேண்டும். அதனால் கொடுக்கிற ஆள் ஒவ்வொருவனும் ஒரு கிழிசல் துணியை எடுத்துக் கம்பியை அசையாமல் கட்டிவிடுவான். ஷிஃப்ட் முடிந்து போகும்போது அவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். அது எழுதாத சட்டம்.

ஒரு நாள் தூறல் அவிழ்க்காமல் போய்விட்டார். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம், வேறொன்றுமில்லை. மதியம் அத்தான் வந்து நின்றார், தான் இன்னும் கட்டவில்லை, கம்பி காக்கும் என்ற நம்பிக்கையில் கொஞ்சம் நெருங்கியே கையை நீட்டினார். வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

மேனேஜர் விசாரித்தபோது அத்தான் அதே ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் கையில் கட்டுடன் படுத்திருந்தார். "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல சார்" என்றார். தூறலை அறைக்குக் கூப்பிட்டு, "நீ போகும்போது கம்பி கட்டியிருந்துதா?" என்று கேட்டார்கள்.

"இல்ல சார்."

அவ்வளவுதான் அவர் சொன்னது. அறைக் கதவைத் தாண்டுவதற்குள்ளேயே நாளைக்கு வந்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். அந்த 'நாளை' வரவே இல்லை. அத்தானே கட்டினார், அத்தானே மாட்டிக்கொண்டார் என்று பழியை அவர் தலையிலேயே கட்டி, வேலையைவிட்டும் அனுப்பிவிட்டார்கள். இப்போது அவர் ஒரு வாகன நிறுத்தத்தில் உட்கார்ந்து இடது கையால் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறார்.

உண்மையில் அத்தான் மகா நிதானமான மனிதர். வீட்டைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். அப்படிப்பட்டவருக்கு அதற்குப் பிறகு வீட்டில் கிடைத்த பட்டம் 'அவசரக் குடுக்கை.' டம்ளர் கை தவறி விழுந்தால், "உங்க அவசரத்தால கை போனது பத்தாதா?" என்பாள் அக்கா. நாலு வீட்டில் வேலை செய்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவள் அவள். அவளுக்கும் வாய் இருக்கத்தானே செய்யும். அத்தான் குனிந்து பொறுக்குவார். எதிரே தூறல் சோற்றை மென்றுகொண்டிருப்பார், சொல்ல வேண்டியதையும் சேர்த்து.

அதனால்தான் ஆலயத்தில் அந்த அழுகை. ஒவ்வொரு வாரமும் கடவுளிடம் ஒளிக்காமல் சொன்னார். ஆண்டவரே, நான்தான் கட்டினேன், நான்தான் பொய் சொன்னேன். கடவுளிடம் சொல்வதில் ஒரு வசதி உண்டு: அவர் அக்காவிடம் போய்ச் சொல்ல மாட்டார். அழுது முடித்ததும் நெஞ்சு லேசாகும், பசி எடுக்கும், அக்கா வீட்டுக்கு நடப்பார். இதற்குப் பெயர் மனந்திரும்புதல் என்றே அவர் மனதார நம்பினார். அவரைத் திட்டலாம்தான். நம்மில் எத்தனை பேர் அதே கடையில் கணக்கு வைத்திருக்கிறோம் என்று யோசித்தால் வாய் வரவில்லை.

இப்படியே ஓடிக்கொண்டிருந்ததை அத்தானே நிறுத்தினார். ஒரு ஞாயிறு, சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்று போதகர் சொன்னபோது, வாயே திறக்காத அந்த மனிதர் எழுந்து நின்றார். கெட்ட கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே எடுத்தார்.

"என் பொண்ணு நாளைக்கு வேலையில சேர்றா. மெஷின் வேலை. அவளுக்காக ஜெபம் பண்ணிக்கங்க. என்ன மாதிரி அவ அவசரப்பட்டுடக் கூடாது" என்றார். "இந்தக் கைய நானேதான் கெடுத்துக்கிட்டேன். ரொம்ப வருஷமா ஞாபகம் இல்ல, ஞாபகம் இல்லன்னே சொல்லிட்டிருந்தேன். அது தப்பிக்கறதுக்குச் சொன்னது போலிருக்கு. இப்ப நல்லா ஞாபகம் வருது. துணியக் கிழிச்சேன், கம்பியச் சுத்தினேன், ரெண்டு முடிச்சுப் போட்டேன். என் வீட்டுக்காரியும் பொண்ணும் பட்ட பாட்டுக்கெல்லாம் நான்தான் காரணம். ஆண்டவர்கிட்ட தினமும் கேக்கறேன், இன்னிக்கு எல்லார் முன்னாடியும் அவங்ககிட்ட மன்னிப்பு கேக்கறேன்."

அக்கா அழுதுவிட்டாள். மகள் அப்பாவின் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள். போதகர் உண்மையான மனந்திரும்புதலைப் பற்றி உருக்கமாக ஜெபித்தார். ஆலயம் முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம். தூறல் ஒருவர்தான் அழவில்லை. அத்தான் தன்னைச் சந்தேகப்படுகிறாரோ என்று பயந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்காரர்களைத் திட்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்திருக்கிறார். தான் செய்ததை அந்த மனிதர் தன்னுடையதாக எடுத்துக்கொண்டு, முடிச்சு உட்பட ஞாபகப்படுத்திக்கொண்டு, தினமும் அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பார் என்பது கனவிலும் தோன்றியதில்லை.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அத்தானைப் பார்க்கவே புதுசாக இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, மகளைக் கிண்டல் செய்துகொண்டு, கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அக்காவும் கத்தலே இல்லாமல் பரிமாறினாள்.

"மனசு லேசா இருக்கு மச்சான்" என்றார் அத்தான். "இத எப்பவோ பண்ணியிருக்கணும்."

இங்கேதான் தூறலுக்குப் பெரிய சோதனை. மனிதர் இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறார், அதைப் போய்க் கெடுப்பானேன்? வீடு இப்போதுதான் சிரிக்கிறது. பேசாமல் இருப்பதுதான் அன்பு. பிசாசு இவ்வளவு இங்கிதமாகப் பேசி அவர் கேட்டதில்லை. தட்டைப் பார்த்தார். அக்கா கரண்டியுடன் வந்து நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் வைக்கவாடா?"

"வேணாம்க்கா" என்றார். பிறகு அத்தானைப் பார்த்துச் சொன்னார். "அத்தான், அத நீங்க கட்டல. நான் கட்டினேன்."

"எத?"

"கம்பிய. காலைல கட்டினேன். அவுக்காமப் போயிட்டேன். மேனேஜர் கேட்டப்ப இல்லன்னு பொய் சொல்லிட்டேன்."

அத்தான் சிரித்தார். மச்சினன் மனசு இளகி, பழியில் பங்கு வாங்க வருகிறான் என்று நினைத்துக்கொண்டார். "விடு மச்சான். எனக்காக நீ அப்படிச் சொல்ல வேணாம். நான் கட்டினது எனக்கு ஞாபகம் இருக்கு."

"ஞாபகம் இருக்காது. நடக்கலையே."

"ரெண்டு முடிச்சு..."

"எல்லாரும் ரெண்டு முடிச்சுதான் போடுவோம்."

தன் குற்றத்துக்காக ஒருவர் வாதாட வேண்டியிருந்தது. குற்றமில்லாதவர் விட்டுக்கொடுக்க மறுத்தார். கேட்க வேடிக்கையாக இருக்கலாம். அந்த மேசையில் யாரும் சிரிக்கவில்லை. அக்கா கரண்டியைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தான், உங்க கைய வெளிய எடுத்தாங்களே, அப்ப கம்பியில இருந்து ஒரு துணிய அறுத்திருப்பாங்க. அது என்ன கலர்னு பார்த்தீங்களா?"

அத்தான் கண்ணை மூடினார். "பச்சை" என்றார்.

"பச்சைத் துணி ஆபரேஷன் அறையிலேர்ந்து வர்றது. காலைல முதல் வண்டியில வரும். போட்டு எடுத்து, பத்து மணிக்குள்ள மேல போயிடும். மதிய ஷிஃப்ட்ல ஒரு துண்டு பச்சை உங்க கைக்குக் கிடைக்குமா? நீங்க அங்க இருந்த வரைக்கும் ஒரு நாளாவது கிடைச்சிருக்கா?"

கிடைத்ததில்லை. அது அங்கே வேலை செய்த இரண்டு பேருக்குமே தெரியும். அத்தானின் முகம் மெதுவாக மாறியதைத் தூறல் பார்த்தார். அன்றைக்குக் கண்ணாடியில் ஆவி இல்லை. முதலில் ஒரு விடுதலை வந்தது, அவசரக் குடுக்கையாக இல்லாத பழைய மனிதர் ஒரு கணம் எட்டிப் பார்த்தார். அதற்குப் பின்னாலேயே, செய்தது யார் என்பது வந்தது.

"அப்ப நான் அவசரப்படலயா?" என்று மனைவியைக் கேட்டார்.

இத்தனை வருஷம் தான் வீசிய வார்த்தைகள் எல்லாம் ஒவ்வொன்றாக அக்காவிடம் திரும்பி வந்துகொண்டிருந்தன போலும். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கணவரின் கெட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பேசியது மகள்தான். "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்து சாப்பிட்டீங்களே மாமா" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை, நம்ப முடியாத திகைப்புதான் இருந்தது.

அத்தான் அவரைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துப் பேசினார். "நாளைக்கு ஆஃபீஸ்ல சொல்லு. அடுத்த வாரம் சபையில, நான் எழுந்து நின்னேனே, அதே மாதிரி நின்னு சொல்லு. மன்னிச்சுட்டீங்களான்னு மட்டும் இப்ப என்னக் கேட்டுடாத."

"கேக்கல அத்தான்."

"போ."

தூறல் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினார். தெருவில் மதிய வெயில். எல்லா வீட்டிலும் தட்டுச் சத்தமும் பேச்சும் கேட்டன.

ஆஃபீஸில் இருந்த மேனேஜர் புதியவர். பழைய ஆள் ஓய்வு பெற்றுப் போய் வருஷக்கணக்காகிறது. "இத ஏன் இப்ப வந்து சொல்றீங்க?" என்று எரிச்சலோடு கேட்டார், வேலை வைத்துவிட்டானே என்ற எரிச்சல். ஆனாலும் எழுதி வாங்கிக்கொண்டார், அத்தானுக்கும் ஒரு கடிதம் போவதாகச் சொன்னார். தூறலை ரோலரிலிருந்து எடுத்து, அழுக்குத் துணி பிரிக்கும் இடத்தில் போட்டார். ரத்தமும் சீழும் வாடையுமாக, ஆட்கள் நிற்க முடியாமல் ஓடிப்போகிற இடம் அது. தூறல் மறுபேச்சில்லாமல் கையுறையை மாட்டிக்கொண்டார்.

ஞாயிறு சபையிலும் எழுந்து நின்று சொன்னார். சுருக்கமாக, கைக்குட்டையை எடுக்காமல் சொல்லி முடித்தார். சென்ற வாரம் அத்தானுக்காக உருகிய கூட்டம் இந்த வாரம் அசையவில்லை. வெளியே வந்தபோது, முன்பு அவரைக் காட்டிக் கணவர்களை இடித்த அம்மாக்கள் குடையை விரிப்பதில் மும்முரமாக இருந்தார்கள். அக்கா குடும்பம் முன்னால் போய்விட்டது. அவர் அறைக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தார். வார நாளெல்லாம் ஆஸ்பத்திரி கேன்டீனிலேயே சாப்பிட்டுப் பழகியவர், ஒருவருக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியாமல் நிறையப் போட்டு, மூன்று நாள் அதையே சாப்பிட்டார்.

அடுத்தடுத்த ஞாயிறுகளும் அப்படித்தான் போயின. தனிமை அவருக்குப் பழகியதுதான்; ஆனால் இப்போது வாரத்தின் நடுவில் எதிர்பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டாமோ என்று ஒரு தடவை கூடத் தோன்றவில்லையா என்றால், தோன்றியது. சாப்பாட்டு நேரத்தில் நன்றாகவே தோன்றியது. ஆனாலும் ராத்திரி படுத்தால் தூக்கம் வந்தது, அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல ஆளும் இல்லை. ஜெபத்தில் அத்தான் பெயரைத் தடங்கலில்லாமல் சொல்ல முடிந்தது.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து டயர் கடைப் பக்கம் நடந்துகொண்டிருந்தவர், கூடவே யாரோ நடப்பதை உணர்ந்தார். அத்தான். அவர் வீடு எதிர்த் திசையில். இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள். பூட்டிய கடைகளைத் தாண்டி, பெட்ரோல் பங்க்கைத் தாண்டி, தெருமுனை வரைக்கும் வந்தாயிற்று. அங்கே அத்தான் நின்றார்.

"ஜெபம் பண்ண உக்காந்தா ஒண்ணுமே வர மாட்டேங்குது" என்றார். "இத்தன வருஷமா ஒண்ணே ஒண்ணத்தான் கேட்டுட்டிருந்தேன், என் அவசரத்த மன்னிச்சிடுன்னு. இப்ப அது இல்ல. என்ன கேக்கறதுன்னே தெரியல."

தூறல் தலையைக் குனிந்தபடி நின்றார்.

"உன்ன மன்னிக்கற மனச எனக்குக் குடுன்னு கேக்கச் சொல்றா உங்கக்கா. தினமும் சொல்றா."

"கேட்டீங்களா அத்தான்?"

"இல்ல" என்றார் அத்தான். கெட்ட கையைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "கேட்டா குடுத்துடுவாரு. அதான் பயமா இருக்கு."